லங்காவியில் மலிவு, பீடோங்கில் ஏன் இல்லை? விற்பனை வரி கேள்வி-பதில்

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் வரிக் கேள்விகளில் பாதி மலேசியாவின் வரியில்லாத் தீவான லங்காவி பற்றித்தான் இருக்கும். மீதி, ரிசிட்டைப் பார்த்து வரும் சந்தேகம்.

கெடா மாநிலத்துப் பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டியால் (விற்பனை, சேவை வரி) விலை ஏறிவிட்டது என்று சொன்னால், "ரிசிட்டில் வரியே காணோமே அண்ணே" என்று தோட்டத்து ஆட்கள் மடக்குகிறார்கள். என்ன சொல்வது?

ரிசிட்டில் இருக்காது, இருக்கவும் கூடாது. விற்பனை வரி ஒரே ஒரு முறைதான் விழும். உள்நாட்டுச் சரக்கு என்றால் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது, வெளிநாட்டுச் சரக்கு என்றால் துறைமுகத்தில் இறங்கும்போது. உங்கள் கடைக்கு வருவதற்குள் அது விலையோடு கலந்துவிடுகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். தொழிற்சாலை 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுக்கும் பொருளுக்கு 10 விழுக்காடு வரி. மொத்த வியாபாரி வாங்குவது 110 வெள்ளிக்கு. அவர் 10 விழுக்காடு லாபம் வைத்தால் 121. நீங்களும் அதே அளவு வைத்தால் 133 வெள்ளி 10 காசு. வரியே இல்லாமலிருந்தால் அதே பொருள் 121 வெள்ளிக்குப் போயிருக்கும். வித்தியாசம் 12 வெள்ளி 10 காசு. ஆனால் அரசாங்கத்துக்குப் போனது 10 வெள்ளிதான். மிச்சம் 2 வெள்ளி 10 காசு, வரியின் மேலேயே வைத்த லாபம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எல்லாரும் விழுக்காட்டில் லாபம் போடுவதால் தானாக ஏறுகிறது.

2015 ஏப்ரல் முதல் 2018 வரை இருந்த ஜிஎஸ்டியில் (பொருள், சேவை வரி) 6 விழுக்காடு ரிசிட்டிலேயே தெரியும். மக்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. இப்போது கண்ணுக்குத் தெரியாததால் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். உங்கள் நிலைமை புரிகிறது. அதற்காக, பதிவு செய்யாமல் நீங்களாகவே ரிசிட்டில் "எஸ்எஸ்டி" என்று ஒரு வரி போட்டு வசூலித்துவிடாதீர்கள். அது குற்றம்.

எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டியைக் காரணம் காட்டவும் வேண்டாம். அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய், கோழி, முட்டைக்கு விற்பனை வரி கிடையாது. 2025 ஜூலை 1 முதல் வெளிநாட்டுப் பழங்கள் பலவற்றுக்கு 5 விழுக்காடு வந்தது. ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழத்துக்கு அப்போதே விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் லங்காவி போனோம். சாக்லேட், பிங்கான் தட்டு எல்லாம் அவ்வளவு மலிவு! இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வந்து இங்கே விற்றால் தப்பா? அங்குள்ள கடையே கூரியரில் அனுப்பினால்?

விற்பதற்கு என்றால் தப்புதான், தம்பி. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. லங்காவி, லாபுவான், தியோமான், பங்கோர் நான்கையும் விற்பனை வரிச் சட்டம் தனியாக வைத்திருக்கிறது. அங்கே இறங்கும் சரக்குக்குப் பொதுவாக விற்பனை வரி இல்லை. இறக்குமதி வரியும் பெரும்பாலும் இல்லை. சாக்லேட்டும் பிங்கானும் வெளிநாட்டிலிருந்து வருபவை என்பதால் இரண்டு வரியும் போய், விலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்குகிறது. ஏற்கெனவே வரியில்லாத அரிசியை அங்கே தேடிப் போனால், படகுக் கூலி சேர்ந்த விலைதான் கிடைக்கும்.

தீவை விட்டு வெளியே வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. லங்காவியிலிருந்து பெருநிலத்துக்கு வரும் பொருளை, வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரிதான் சட்டம் பார்க்கும். பயணிகளுக்குச் சலுகை உண்டு: அங்கே குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும், அனுமதித்த அளவுக்குள் இருக்க வேண்டும். காலையில் கோலகெடாவில் ஃபெரி ஏறி, மாலையில் பையோடு திரும்புகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. லங்காவியின் கூவா ஜெட்டியில் சுங்க அதிகாரி யாரையும் நிறுத்தாத நாள் உண்டு. அதை வைத்து சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே மாதிரி தட்டு நாற்பது அடுக்கி வந்தால், வீட்டுக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைக்கு வேண்டுமென்றால் சுங்கத்தில் அறிவித்து, வரி கட்டிக் கொண்டு வாருங்கள். கூரியரில் வந்தாலும் அதே கதைதான். வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் பெரும்பாலும் நம்ம ஊர் மொத்த விலைக்கே வந்து நிற்கும்.

சிகரெட்டை நம்பிப் போகாதீர்கள். 2021 முதல் வரியில்லாத் தீவுகளிலும் அதற்கு வரி உண்டு. 2020-இல் சலுகை பெற்ற பங்கோரில் மது, புகையிலை, வாகனம் மூன்றும் தொடக்கத்திலேயே பட்டியலில் இல்லை.

சுங்கை பட்டாணியில் சாப்பிட்டோம். பில்லில் 10 விழுக்காடு ஒன்று, 6 விழுக்காடு ஒன்று. இரண்டும் அரசாங்கத்துக்கா?

6 மட்டும்தான். அது சேவை வரி. 2024 மார்ச் 1-இல் பல சேவைகளுக்கு 8 ஆனது. சாப்பாட்டுக்கு 6-லேயே விட்டார்கள். அந்த 10, கடை தானாக வைக்கும் சேவைக் கட்டணம். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உட்காருமுன் மெனுவின் அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள்.

ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகம்தான் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். ரோட்டோர ரொட்டிச் சானாய் கடை 6 விழுக்காடு போட்டால் சந்தேகப்படலாம். சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் கடை பதிவு பெற்றதா என்று தேடிப் பார்க்க முடியும்.

வீட்டிலேயே முறுக்கு, அச்சுமுறுக்கு சுட்டு தீபாவளிக்கு விற்கிறேன். எஸ்எஸ்டி எடுக்க வேண்டுமா?

12 மாத விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் உற்பத்தியாளராகப் பதிவு செய்யும் பேச்சு வரும். அவ்வளவு முறுக்கு போகிறதென்றால் எனக்கும் ஒரு டின் எடுத்து வையுங்கள், அக்கா. வருமான வரி மட்டும் தனி விஷயம்; விற்றதை நோட்டில் எழுதி வாருங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் மகள் 80 வெள்ளிக்குச் சட்டை வாங்கினாள். 8 வெள்ளி வரி. முன்பு இல்லையே?

2024 ஜனவரி 1-இல் வந்தது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விற்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு. இங்கே பதிவு பெற்ற விற்பனையாளர் பணம் கட்டும்போதே எடுத்துக்கொள்வார். 500-ஐத் தாண்டினால் வழக்கமான இறக்குமதி முறை.

லங்காவியில் கார் வாங்கி இங்கே ஓட்டலாமா?

அங்கேயே ஓட்டுவதற்குத்தான் அந்த விலை. லங்காவி வண்டிக்கான கேவி (KV) நம்பர் தட்டோடு பெருநிலத்துக்கு வர சுங்கத்துறை அனுமதி வேண்டும். அதுவும் தற்காலிகமாகத்தான்.