குட்டி வாங்குவதா, காப்பக நாயைத் தத்தெடுப்பதா?

கேள்வி: மதுரையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் காலை 9 முதல் மாலை 4 வரை வீட்டில் யாரும் இருப்பதில்லை. எட்டு வயது மகள் லேப்ரடார் குட்டி கேட்கிறாள். நண்பர்களோ காப்பகத்திலிருந்து தத்தெடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் வீட்டு நிலவரத்தைப் படித்ததும், நாய் எங்கிருந்து வருகிறது என்பதைவிட அதன் வயது என்ன என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. அதற்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும் தேவை. மேலும், ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் மனிதர்களோடும் ஓசைகளோடும் எவ்வளவு பழகுகிறதோ, அதைப் பொறுத்தே பிற்காலக் குணம் பெரிதும் அமைகிறது. அந்தப் பருவத்தின் பகல் பொழுதெல்லாம் பூட்டிய வீட்டில் கழிவது நல்லதல்ல. நான்காம் மாதம் பால் பற்கள் விழத் தொடங்கியதும் செருப்பு, நாற்காலிக் கால், உங்கள் மகளின் கை என்று எதையும் கடிக்கும். லேப்ரடார் ஓராண்டில் 25 கிலோவைத் தாண்டிவிடும். அதன் குறும்பு அடங்க இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஆகவே, காசு கொடுத்து வாங்கினாலும் இலவசமாகக் கிடைத்தாலும் குட்டி உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்யப்பட்ட காப்பக நாயே ஏற்றது என்பது என் கருத்து. காப்பகத்தில் தெருநாய்கள் மட்டுமே இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெளிநாடு செல்பவர்களும் வீடு மாறுபவர்களும் விட்டுச் சென்ற லேப்ரடார்களும் அங்கே உண்டு.

கூண்டுக்குள் குரைப்பதை வைத்து ஒரு நாயை எடைபோடாதீர்கள். வெளியே அழைத்து வரச் சொல்லி, சற்று நேரம் நடக்கவிட்ட பின், மகளைப் பக்கவாட்டில் அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். அவள் கையை நீட்டித் தலையைத் தொட வேண்டாம். உடல் தளர்ந்து, தானாக அருகில் வந்து மோந்து பார்க்கும் நாயை நம்பி மேற்கொண்டு பேசலாம். உடல் விறைத்து, விழியின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும் நாய், குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஊழியர் உணவுத் தட்டின் அருகே செல்லும்போது உறுமுகிறதா என்பதையும் தள்ளி நின்று கவனியுங்கள்.

வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் நாயின் உடலிலும் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி மாதக்கணக்கில் பதுங்கியிருக்கக்கூடும் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனையையும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் அழைத்து வருமுன்னரே பார்த்துவிடுவது நல்லது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி எழுத்தில் இல்லையென்றால், போடவில்லை என்றே கொண்டு மறுபடியும் போடுங்கள், அதனால் தீங்கில்லை.

இதற்குப் பிறகும் குட்டிதான் என்று முடிவு செய்தால், பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஏற்பாடான பிறகே வாங்குங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஐந்து வாரக் குட்டியை ‘அறுபது நாள் குட்டி’ என்று தள்ளிவிடுபவர்கள் இருப்பதால் வாயைத் திறந்து பாருங்கள்: எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் ஏறக்குறைய முளைத்திருக்கும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எலும்பு தடித்த குட்டி என்ற பொருளில் ‘டபுள் போன்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். அப்படி ஓர் இனப்பிரிவே கிடையாது. ‘பேப்பர்’ எனப்படும் இனப் பதிவுச் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், உடல்நலத்தை அல்ல. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் தொற்றிப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வெளிப்படுவதால், வாங்கிய முதல் வாரத்தில் வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வளர்ந்த நாய்க்கும் ஏழு மணி நேரத் தனிமை முதல் நாளிலேயே பழகிவிடாது. உங்களில் ஒருவர் பத்து நாளாவது விடுப்பு எடுத்து, பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று படிப்படியாகத் தனியே விட்டுப் பழக்க வேண்டும். மகளின் முழு ஆண்டு விடுமுறை இதற்குத் தோதான காலம். வெடிச் சத்தம் ஓயாத தீபாவளி வாரத்தில் மட்டும் அழைத்து வராதீர்கள்.