ஒளியில் இயங்கும் அயனி பிரஷ் ஈறுக்கு இதமாக இருக்குமா?

பல் தேய்த்தாலே ஈறு எரிகிறது, ஒளியில் இயங்கும் அயனி பிரஷ்ஷுக்கு மாறினால் பேஸ்ட் இல்லாமலே தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரஷ்ஷைத் தாராளமாக மாற்றுங்கள். பேஸ்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், சொத்தையைத் தடுப்பது அதிலுள்ள ஃபுளோரைடுதான்.

இந்த பிரஷ்ஷின் கழுத்துக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு கம்பி ஒன்று இருக்கும். வெளிச்சம் பட்டதும் அதில் எலக்ட்ரான்கள் கிளம்பும், அவை எச்சில் வழியாகப் பல்லில் ஒட்டிய படலத்தைத் தளர்த்தும் என்பதுதான் யோசனை. கைப்பிடியை ஈரக் கையால் பிடிக்கச் சொல்வது மின்சுற்று முழுமையாவதற்காக. டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டால் நடக்கும் வினை பற்றி ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். ஆனால் அந்த வினைக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். குளியலறை எல்இடி விளக்கில் அது அநேகமாக இருக்காது. சில மாடல்களில் சின்ன சோலார் தகடும் சேர்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இதமும் எரிச்சலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மென்மையான முள் உள்ளதாக வாங்குங்கள். பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்து, முள்ளை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேயுங்கள். முள் வெளிப்பக்கம் மடங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அப்புறம், ரத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் வந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.