சுண்டெலி விழித்திரை: பிரித்தெடுப்பும் திசை காண்பதும் – கேள்வி பதில்

கேள்வி: விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்களை எண்ணுவது மட்டுமே என் வேலை. அதற்கும் விழித்திரையின் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். சுண்டெலிக்கு மனிதரைப் போல் விழித்திரையில் மையக்குழி (கூர்மையான பார்வைக்கான சிறு குழிவு) இல்லை என்பதால், எந்த இடத்தில் எண்ணினாலும் ஒன்றுதான் என்று பலர் கருதிவிடுகிறார்கள். ஆனால் சுமார் 360 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உணரும் புரதமான எஸ்-ஆப்சின் கீழ்ப்பாதியில் மிகுந்தும், 510 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உணரும் எம்-ஆப்சின் மேல்பாதியில் மிகுந்தும் காணப்படுகின்றன. ஆல்ஃபா வகைக் கேங்லியான் செல்களில் சில, காதுப்புறத்தில் நெருங்கி அமைந்துள்ளன. ஒரு விலங்கில் மேல்பகுதியையும் இன்னொன்றில் கீழ்ப்பகுதியையும் எண்ணி ஒப்பிட்டால், நோயால் வந்த வேறுபாடு எது, இடத்தால் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிய வழியில்லை.

கேள்வி: கண்ணை எடுப்பதற்கு முன், கண்முனையை (இமைகள் சேரும் மூலையை) பார்த்துக் கார்னியாவில் சூட்டுக்குறி இடுகிறோம். அது போதாதா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். இமைத்தோல் சற்று இழுபட்டாலே கண்முனை இடம் மாறிவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, எஸ்-ஆப்சின் பரவலை அடிப்படையாக வைத்து மூன்று அடையாளங்களை ஒப்பிட்டது. கண்ணை அசைக்கும் நேர்த்தசைகளும், கண்ணின் பின்புறம் கோடாகத் தெரியும் கோராய்டு பிளவும் துல்லியமாக அமைய, கண்முனையை வைத்து இட்ட குறியே கடைசி இடத்தில் நின்றது. ஆகவே, மேல்புறம் எது என்று தோராயமாக அறிவதற்குச் சூட்டுக்குறியை வைத்துக்கொண்டு, துல்லியத்துக்குப் பிளவை நாடுங்கள். கண்கோளத்தின் பின்புறம் மேலே தெரியுமாறு திருப்பி, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் தசையையும் பொறுமையாக நீக்கினால், பார்வை நரம்பின் இரு பக்கங்களிலும், ஒன்று மூக்கை நோக்கியும் மற்றொன்று காதை நோக்கியும், மெல்லிய கோடுகள் ஓடுவதை நுண்ணோக்கியில் காணலாம். தசையையே அடையாளமாகக் கொள்பவர்கள், வெட்டுக்குறி இட்டு முடிக்கும்வரை அதை நீக்கக் கூடாது.

கேள்வி: லென்ஸை எடுத்து முடிப்பதற்குள் திசை குழம்பிவிடுகிறது. எந்த வரிசையில் செய்வது?

பதில்: கார்னியாவை வெட்டி நீக்கும்போது அதிலுள்ள குறியும் உடன் போய்விடுகிறது, குழப்பம் பெரும்பாலும் அங்குதான் தொடங்குகிறது. எனவே கார்னியாவின் விளிம்பில் ஊசியால் துளையிட்டதும், அது முழுதாக நீங்குவதற்கு முன்பே, தேர்ந்த அடையாளத்தின் நேராக விழித்திரையில் ஓர் ஆழமான வெட்டை இட்டுவிடுங்கள். அதன்பின் சுற்றிலும் வெட்டிக் கார்னியாவையும் லென்ஸையும் எடுக்கலாம். விழித்திரையைக் கோப்பை போன்ற கண்சுவரிலிருந்து விடுவித்த பிறகு இடும் மற்ற மூன்று வெட்டுகள் குட்டையாக இருக்கட்டும். நான்கும் ஒரே நீளமானால் முதல் வெட்டை அடையாளம் காண முடியாது. விழித்திரையை ஒட்டியுள்ள தெளிந்த கூழான கண்ணாடி நீர்மத்தையும் முழுமையாக அகற்றுங்கள். அது மிஞ்சினால் வெட்டுகளுக்கு இடையிலுள்ள விழித்திரை இதழ்கள் சுருண்டுகொண்டே இருக்கும்.

கேள்வி: உயிருள்ள திசுவில் மின்பதிவு செய்ய என்ன மாற்றம் தேவை?

பதில்: வரிசை மாறாது. 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு செலுத்திய ஏம்ஸ் கரைசலில் (விழித்திரையை உயிருடன் வைத்திருக்க உதவும் ஊட்டக் கரைசல்), மங்கிய சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியில், விரைந்து செய்ய வேண்டும்.

கேள்வி: கண்ணாடித் தகட்டில் விரித்த பின், மூக்குப்புறம் எந்தப் பக்கம் வரும்?

பதில்: கேங்லியான் செல் அடுக்கு உங்களை நோக்கியும், விழித்திரையின் மேல்புறம் மேலேயும் இருந்தால், வலக்கண்ணில் மூக்குப்புறம் உங்கள் வலப்பக்கமும், இடக்கண்ணில் இடப்பக்கமும் அமையும். திசுவைப் புரட்டிப் போட்டால் இது அப்படியே தலைகீழாகும். அசைவின் திசையைப் பிரித்தறியும் செல்களை ஆராய்பவர்களுக்கு இந்த ஒரு பிழை முடிவையே மாற்றிவிடும். இரு கண்களையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனிக் குப்பிகளில் பெயரெழுதி வையுங்கள்.

கேள்வி: குறி இல்லாமல் பதப்படுத்திய விழித்திரைகள் சில கையில் உள்ளன. அவற்றை மீட்க முடியுமா?

பதில்: எஸ்-ஆப்சினுக்கு எதிர்ப்பொருள் சாயமிட்டு, ஒளியுணர் செல் அடுக்கைப் படமெடுத்தால் மேல்கீழ் திசை புலப்படும். எந்தக் கண் என்பதும் எந்த அடுக்கு மேலே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தால், மூக்குப்புறத்தையும் கணித்துவிடலாம். எந்தக் கண் என்பதே பதிவாகவில்லை என்றால், அத்தகைய விழித்திரையை மூக்கு, காது பக்கங்களை ஒப்பிடும் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள்.