மூன்று கோடை

அன்புள்ள ஐயா,

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் பங்கு ஆலயத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வரும் அக்டோபர் 4, அசிசியார் (புனித பிரான்சிஸ்) திருநாளன்று அங்கே 500 கன்றுகள் நட இளையோர் முடிவு செய்திருக்கிறோம். சில்வர் ஓக் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பங்கில் சிலர், "இது அரசியல்வாதிகள் செய்கிற வேலை, விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அன்று எந்த வசனத்தை வாசிக்கலாம்?
- ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

கேட்பவர்களிடம் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சி' மடலின் 217-ஆம் பத்தியைக் கொடுங்கள். கடவுளின் படைப்பைக் காப்பது விருப்பமிருந்தால் செய்கிற உபரி வேலை இல்லை என்று நேராகவே எழுதியிருக்கிறார். அதற்குமேல் வாதாட வேண்டாம்.

வசனம் என்றால் விவிலியத்தில் லேவியர் 19:23-25. கனிமரம் நட்டால் முதல் மூன்று ஆண்டு பழத்தைத் தொடாதே, நான்காம் ஆண்டுப் பழம் ஆண்டவருக்கு, ஐந்தாம் ஆண்டு நீ உண்ணலாம் என்கிறது. இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். 500 கன்று, இளையோர், திருநாள் எல்லாம் எழுதிவிட்டு, மார்ச் மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு வரி எழுதவில்லையே! நட்ட உயிரைக் காயவிட்டுவிட்டு அடுத்த ஆண்டு அதே குழியில் மறுபடி நடுவதை என்னால் பக்தி என்று ஏற்க முடியாது.

கணக்குப் போடுங்கள். முதல் கோடையில் கன்றுக்கு வாரம் 10 லிட்டர். 500 கன்றுக்கு 5,000 லிட்டர், அதாவது வாரம் ஒரு டிராக்டர் டேங்கர். ஜனவரி தொடங்கி மே முடிய ஏறத்தாழ 20 டேங்கர். பங்கால் முடியுமா? 100 கன்றென்றால் வாரம் 1,000 லிட்டர். பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களில் ஐந்து, ஆளுக்கு 20 கன்றாக ஏற்றுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 200 லிட்டர்தான். இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதில் வாடுகிற கன்றுக்கு மட்டும்.

நாளையும் மாற்றுங்கள். சேலத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் நல்ல மழை. அக்டோபரில் நட்டால் வேர் இறங்குவதற்குள் ஈரம் போய்விடும். மே மாதமே ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து வெயில் படவிட்டு, ஆகஸ்ட் மழையில் நடுங்கள். திருநாளன்று களையெடுப்பு வைத்துக்கொள்ளலாம். மேல்மண்ணைத் தனியே குவித்து, நன்றாக மக்கிய சாணத்தோடும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து குழிக்குள் போடுங்கள். பச்சைச் சாணம் கரையானைக் கூட்டிவரும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். பையோடு புதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பைக்குள் சுருண்ட அடிவேரை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சுருண்டபடியே வளர்ந்து பின்னாளில் மரத்தைச் சாய்க்கும். தண்டின் கழுத்து மண்மட்டத்தில் நிற்கட்டும். ஆழப் புதைத்தால் அழுகும். சரிவு நிலமானால் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு போடுங்கள், மேலிருந்து ஓடிவரும் மழைநீர் அங்கே நிற்கும். சருகு மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும்.

ஆட்டுக்கு முள் அடைப்பு. தீக்கு, பிப்ரவரிக்குள் நிலத்தைச் சுற்றி பத்தடி அகலத்துக்குப் புல் செதுக்கிய தீத்தடுப்புக் கோடு. அடிவாரத்தில் காய்ந்த புல்லில் பிடிக்கிற தீ மூன்று வருட உழைப்பை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடும்.

சில்வர் ஓக் வேண்டாம். ஆஸ்திரேலிய மரம், மேலே காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நிற்கட்டும். இலவசம் என்பதற்காகவா ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்பது? அடிவாரத்து வறட்சிக்கு வேம்பு, புங்கன், இலுப்பை, நெல்லி. ஓடைக்கரை இருந்தால் நாவலும் நீர்மருதும்.

நாற்றுப் பண்ணையில் 110 கன்று சொல்லிவையுங்கள். பத்தைப் பெரிய பைக்கு மாற்றி நிழலில் வளர்த்து வாருங்கள். முதல் கோடையில் பட்டுப்போகிற இடத்துக்கு அவை வேண்டியிருக்கும்.