கல்லூரி மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் எவ்வகையில் தொழில் அனுபவம் தருகிறது?

பாடத்தில் படித்தது உண்மையான வேலையில் எப்படிப் பயன்படுகிறது என்பதை மாணவர் நேரில் காணும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்தான். மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் எழுதிய சிறு நிரலை மூத்த பொறியாளர் வரிவரியாகப் படித்து, 'இங்கே உள்ளீடு காலியாக வந்தால் என்ன ஆகும்?' என்று கேட்கும்போது, பிறரும் பராமரிக்கக்கூடிய நிரலை எழுத வேண்டிய பொறுப்பை அவர் உணர்கிறார்; தேர்வுத்தாள் இதைக் கற்றுத் தருவதில்லை. கணக்குத் துறையிலும், வங்கி அறிக்கைக்கும் பேரேட்டுக்கும் இடையே ஒத்துப்போகாத தொகையைத் தேடும்போதுதான் பாடம் முழுமையாகப் புரிகிறது. பரிந்துரைக் கடிதமும் தொடர்புகளும் கூடுதல் பயன்கள். ஒரு துறை தமக்கு ஒத்துவராது என்று படிப்பு முடியும் முன்பே தெரிந்துகொள்வதையும் நான் பெரிய பயனாகவே கருதுகிறேன். ஆனால், வழிகாட்ட எவரும் இல்லாத இடத்தில் இவை கிடைப்பது அரிது. ஆகவே, யார் மேற்பார்வையிடுவார், என்ன வேலை தரப்படும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.