லயத்துக்குப் பொருந்தாத கோட்பாடா?

அன்புள்ள டீச்சர்,

நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். மேற்படிப்பும் படிக்கிறேன். தாதியக் கோட்பாடு ஒன்றை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தி எழுத வேண்டும். சீனி வருத்தத்தால் காலில் புண்ணோடு திரும்பத் திரும்ப வார்டுக்கு வரும் ஒரு தோட்டத்து அம்மாவுக்காக அமெரிக்கத் தாதி ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டை எடுத்தேன். எழுத எழுத மனசு ஒப்பவில்லை. விடியுமுன் எழும்பி, சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறவருக்கு ‘சுயபராமரிப்புக் குறைபாடு’ என்று எழுதினால், குற்றத்தை அவர் தலையில் போடுவது போல இருக்கிறது. அமெரிக்காவில் எழுதிய கோட்பாடு நம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) எதற்கு? பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பைப் பேசுகிற லெய்னிங்கருக்கு மாறிவிடட்டுமா? இரண்டையும் கலக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கோபம் நியாயமானது. அதை ஓரெம் மேல் காட்டாதீர்கள். நோட்ஸில் அவரைச் சுருக்கிக் கொடுக்கிற வழக்கத்தின் மேல் காட்டுங்கள். டொரத்தியா ஓரெம் 1971இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்த்தெடுத்த கோட்பாட்டில் குறைபாடு என்பது ஆளின் குணம் அல்ல. உடம்புக்கு வேண்டிய பராமரிப்பு ஒரு பக்கம், அதைச் செய்ய அவருக்கு இருக்கிற ஆற்றல் மறு பக்கம். முதலாவது இரண்டாவதை மிஞ்சினால் அந்த இடைவெளிதான் குறைபாடு. அந்த இரண்டையும் தீர்மானிக்கிற பத்துக் காரணிகளையும் அவர் சொல்கிறார். வயது, உடல்நிலை மட்டுமல்ல. குடும்ப அமைப்பு, வாழ்க்கை முறை, சூழல், சுகாதார சேவை, கைவசமுள்ள வளங்கள் எல்லாம் அதில் வருகின்றன. பெரும்பாலான கேஸ் ஸ்டடிகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. நம் மலையகத்தில் கதையே அங்கேதான் இருக்கிறது.

அந்த அம்மாவின் காலுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். கழுவ வேண்டும், விரலிடுக்கில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், மூடிய செருப்புப் போட வேண்டும். அப்புறம் மறு பக்கம்: நனைந்த மலை, அட்டை கடித்த இடம், பைப்படிக்கு எவ்வளவு தூரம், கண் எவ்வளவு தெரிகிறது, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் (பாதி நாள் சம்பளம்), கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேரே போச்சு. இப்படி எழுதினால் குற்றம் அவர் தலையில் விழாது.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வேலை முடிந்து வந்தால் காலை எங்கே வைக்கிறார்? அந்தக் குளிரில் அடுப்படியில் குந்தி, காலை நீட்டிக் குளிர்காயாதவர்கள் குறைவு. சீனி வருத்தத்தால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் பொங்கி, கொப்புளம் உடைந்து, அவர் கவனிக்கும்போது புண்ணாகியிருக்கும். நாங்கள் மருந்து கட்டி, கிளினிக் கொப்பியில் எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம். அவர் அதே அடுப்படிக்குப் போகிறார். சீனி அளவை மட்டும் பார்த்தால் இது ஒருநாளும் பிடிபடாது.

தாதி முழுவதும் செய்வது, பாதி செய்வது, ஆதரவும் அறிவூட்டலும் தருவது என்று ஓரெம் மூன்று முறைகளைச் சொல்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாரையும் மூன்றாவதில் போட்டுவிடுகிறோம். ‘சொல்லிக் கொடுத்தாச்சு’, அவ்வளவுதான். கண் மங்கியவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. மருமகள் கொழும்பில் வேலை என்றால், வீட்டில் இருக்கிற பேத்திக்கு ஃபோன் வெளிச்சத்தில் பாட்டியின் காலைப் பார்க்கப் பழக்குங்கள். பிறருக்காகப் பராமரிப்புச் செய்பவருக்கும் ஓரெமிடம் இடம் உண்டு. ஆகவே உங்கள் திட்டத்தில் பேத்தியும் வரவேண்டும்.

லெய்னிங்கரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் மானிடவியலும் படித்த தாதி. 1960களின் தொடக்கத்தில் நியூகினியின் மலைப்பகுதியில் கட்ஸப் மக்களோடு இருந்து கற்றவர். வழக்கத்தைக் காப்பது, பேசி இசைய வைப்பது, மாற்றுவது என்று அவர் சொல்கிற மூன்று வழிகள் உங்களுக்கு நேரடியாக உதவும். பக்கத்துக் காம்பராக்காரர் (லய அறைக்காரர்) ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிற வழக்கத்தைக் காப்பாற்றுங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி (வெறுந்தேநீர்) குடிக்கிறதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். எத்தனை தரம், எவ்வளவு என்று பேசிக் குறையுங்கள். அடுப்படியில் கால் நீட்டுவதை மட்டும் மாற்றியே ஆகவேண்டும்: காலுறை போட்டு, கம்பளியால் மூடி, தள்ளி உட்கார வேண்டும். (நைட்டிங்கேலையும் பழசு என்று தள்ளாதீர்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், வடிகால், சுத்தம், வெளிச்சம் என்று வீட்டுக்கு அவர் 1859இல் கேட்டவை பல லயங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.)

மேற்படிப்புப் படித்த தாதி இத்தோடு நின்றுவிடக் கூடாது. பேர் போகிற பயத்தில் கிளினிக்கைத் தவறவிடுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று பதிவுகளைப் பாருங்கள். கிளினிக் நேரத்தை மாற்ற முடியுமா, தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்ப நல உத்தியோகத்தரும் இடையில் கால்களைப் பார்க்க முடியுமா என்று வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பராமரிப்புத் தேவை, ஆற்றல், வளம் என்று பிரித்து எழுதிய அறிக்கையை ‘பாவம் சேர், கஷ்டப்பட்ட சனம்’ என்பதைப் போல எளிதாகத் தள்ளிவைக்க முடியாது.

கலக்கலாமா என்ற கேள்விக்கு: படுக்கையருகில் தாராளமாக. எழுத்து வேலைக்கு ஓரெமையே சட்டகமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சொற்களும் அடிப்படைகளும் வேறு. பாதியில் மாறினால் முடிவை எதன்படி எடைபோட்டீர்கள் என்று பரீட்சகர் கேட்பார், அதுவும் சரியான கேள்விதான். அம்மாவிடம் கேட்கப்போகிற கேள்விகளை அமைக்க லெய்னிங்கர் உதவட்டும். அவற்றை முதலில் தமிழிலேயே, அவர் பேசுகிற பேச்சில் எழுதுங்கள், ஆங்கிலம் அப்புறம். எழுதியதும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.