எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: வீட்டை ஒழுங்குபடுத்தும் நிகழ்ச்சிகளில் வருவதுபோல் சமையலறைச் சாமான்களை ஒரே மாதிரியான ஜாடிகளில் கொட்டி, பெயர் ஒட்டி அடுக்கினால் உண்மையில் பயன் உண்டா? இல்லை, வெறும் பகட்டா?

வேகமாகத் தீரும் பொருள்களுக்குப் பயன் உண்டு. மெதுவாகத் தீரும் பொருள்களுக்குக் கெடுதல்தான் அதிகம். நிகழ்ச்சிகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அவற்றின் மேல் இருக்கும் முக்கியமான குறை அதுதான்.

குறை சொல்வதால் பார்க்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானியர் மரி கோண்டோவின் நிகழ்ச்சி வந்தபோதும், 2020 செப்டம்பரில் ‘தி ஹோம் எடிட்’ குழுவின் நிகழ்ச்சி வந்தபோதும் விரும்பித்தான் பார்த்தேன். இரண்டும் ஒரே ரகம் அல்ல. கோண்டோ முதலில் கழிக்கச் சொல்கிறார். இருப்பதை வகைவாரியாகக் குவித்து, மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். துணிக்கும் புத்தகத்துக்கும் அது பொருந்தலாம். உப்புப் பொட்டலத்தைக் கையில் ஏந்தி ‘நீ எனக்கு மகிழ்ச்சி தருகிறாயா’ என்று எப்படிக் கேட்பது? சமையலறையைப் பொறுத்தவரை அவர் முறை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஹோம் எடிட் நடத்தும் கிளியா ஷீரரும் ஜோவானா டெப்ளினும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஒளி ஊடுருவும் டப்பாக்கள், ஒரே எழுத்தில் பெயர்கள், வானவில் வரிசையில் நிறங்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அவர்கள் பெயரிலேயே டப்பாக்களும் விற்பனைக்கு வருகின்றன என்பதை மறந்துவிடாமல் பார்த்தால் போதும். கோண்டோவும் அந்த 2019 நவம்பரிலேயே இணையக் கடை திறந்துவிட்டார்.

இதே கோண்டோ, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டை எப்போதும் ஒழுங்காக வைத்திருப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023 தொடக்கத்தில் சொன்னார். ‘ஊருக்குத்தான் உபதேசமா’ என்று பலர் சிரித்தார்கள். எனக்கோ அவர் மேல் மதிப்பு கூடியது.

சரி, ஜாடிக்கு வருவோம். இந்த நிகழ்ச்சிகளில் நான் முழு மனதோடு ஏற்கும் ஒரு வேலை உண்டு: அலமாரியில் இருப்பதை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புவது. ஒரே மாவு மூன்று பொட்டலம் பிரித்தபடி கிடப்பதும், பின்வரிசையில் தேதி கடந்த டின்கள் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். 2022-ல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இருப்பதே தெரியாமல் மீண்டும் வாங்குவதற்கும் அதில் ஒரு பங்கு நிச்சயம் உண்டு. பரப்பிப் பார்ப்பதற்குச் செலவும் இல்லை. ஒரு புது டப்பாவும் வாங்காமல் அதோடு நிறுத்திக்கொண்டாலே பாதிப் பலன் கிடைத்துவிடும்.

ஆனால் ஜாடிகள் எல்லாம் விளிம்பு வரை நிரம்பி நிற்கும் நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து ஜாடியில் கால் பங்கு மாவு இருக்கும்போது புதுப் பொட்டலம் வாங்கி வருகிறீர்கள். என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் மேலேயே கொட்டுகிறார்கள். அடுத்த முறையும் அப்படியே. அடியில் இருக்கும் இரண்டு விரற்கடை மாவு வெளியே வருவதே இல்லை. முழுத்தானிய மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் சிக்கடித்துப்போகும். தெரிந்த ஒருவர் வீட்டில் அழகான ஜாடி ஒன்றின் அடியைக் கரண்டியால் கிளறியபோது, மாவு உதிராமல் மெல்லிய இழைகளில் கோத்துக்கொண்டு எழுந்து வந்தது. அந்துப்பூச்சியின் புழு நூற்ற இழைகள் அவை. கண்ணாடி வழியே பார்த்தால் மேல்மாவு வெள்ளைவெளேர் என்றுதான் தெரிந்தது.

பூச்சி விஷயத்தில் ஜாடியின் நன்மையையும் சொல்லிவிட வேண்டும். தானியத்திலும் மாவிலும் பூச்சியின் முட்டைகள் பல நேரம் பொட்டலத்தோடேயே வந்துவிடுகின்றன; இறுக்கமான மூடி அதைத் தடுக்காது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் துளைத்து வெளியேறும் புழு, கண்ணாடியைத் துளைக்க முடியாது. கேடு அந்த ஒரு ஜாடியோடு நின்றுவிடும். வாங்கிய பொட்டலத்தை உறைவிப்பானில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்து, பிறகு வெளியே எடுத்து முழுவதும் அறையின் சூட்டுக்கு வந்ததும் ஜாடியில் போட்டால் முட்டைகளும் அழிந்துவிடும். குளிர்ச்சியோடு திறந்தால் மாவில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

எப்போதாவது ஒரு சிட்டிகை எடுக்கும் பொருள்களைப் பார்ப்போம். சமையல் சோடா, பேக்கிங் பவுடர், சோள மாவு, பொடித்த சர்க்கரை நான்கும் வெள்ளைத் தூள். பொட்டலத்தைத் தூக்கி எறியும்போது அதிலிருந்த தேதி, ஒவ்வாமை எச்சரிக்கை, எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாமே குப்பைக்குப் போய்விடுகின்றன. ஒரு நிறுவனம் குறிப்பிட்ட தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், உங்கள் ஜாடியில் இருப்பது அதுதானா என்று சொல்ல வழியே இல்லை. அதனால் மாதம் ஒருமுறைகூடத் தீராத எதையும் நான் உறையோடுதான் வைப்பேன். வாயை மடித்து ஒரு கிளிப் போட்டு, அப்படிப்பட்டவற்றை எல்லாம் ஒரே கூடையில் நிறுத்திவிடுவேன். கூடைக்குள் எப்படி இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒழுங்குதான். அரிசி, சர்க்கரை, உப்பு, தினமும் குடிக்கும் தேயிலை போன்றவை ஜாடிக்குப் போகட்டும்.

வெளிச்சம் இன்னொரு சிக்கல். எண்ணெயை ஒளி ஊடுருவும் புட்டியில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவது படத்துக்கு அழகு. சூடும் ஒளியும் சேர்ந்து அதை விரைவில் கெடுத்துவிடும். மசாலாத் தூள்களின் நிறமும் மணமும் அப்படியே. உருளைக்கிழங்கைக் கம்பிக் கூடையில் வெளிச்சத்தில் அடுக்கினால் பச்சை பூக்கும். பச்சை நிறம் கெடுதல் இல்லை, அதோடு சேர்ந்து கூடும் சோலனைன்தான் நச்சு. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வரி போதும்: பால் கதவில் வேண்டாம், அங்கேதான் சூடு அதிகம்.

ஜாடி வாங்கத்தான் போகிறேன் என்றால், முதலில் அளவைப் பாருங்கள். ஆறு, எட்டு என்று தொகுப்பாக வரும் ஜாடிகள் வரிசையில் நிற்க அழகாக இருக்கும். ஒரு கிலோ பொட்டலத்தை 800 கிராம் பிடிக்கும் ஜாடியில் கொட்டினால் மீதி 200 கிராம் உறையிலேயே தங்கி, வேறொரு மூலையில் கிடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு இருப்பிடம்; இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தானே ஜாடி வாங்கினீர்கள்? வழக்கமாக வாங்கும் பொட்டலம் முழுவதும் கொள்ள வேண்டும், வாய் கை நுழையும் அகலம் இருக்க வேண்டும். கை நுழையாத ஜாடியை நன்றாகக் கழுவ முடியாது. கழுவ முடியாததை யாரும் காலி செய்வதில்லை, மேலேயே கொட்டிக்கொண்டு போகிறார்கள்.

பழையதைத் தட்டில் கவிழ்த்து, புதியதைக் கொட்டி, பழையதை மேலே போடுங்கள். அதற்கும் பொறுமை இல்லாத நாளில் புதுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஜாடிக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள். தேதியை ஒரு துண்டுக் காகித நாடாவில் எழுதி ஜாடியின் அடியில் ஒட்டலாம். முன்பக்கத்து அழகும் கெடாது. பெயர் ஒட்டுவதை முதலில் நானும் வெட்டி வேலை என்றுதான் நினைத்தேன். வீட்டில் சமைக்காதவர்கள் ‘சர்க்கரை எங்கே’ என்று கூவுவது நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது.

புதுத் தொகுப்புக்குப் பணம் கொடுக்கும் முன், காலியான காப்பித்தூள், ஜாம் புட்டிகளில் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். எதற்கு எந்த அளவு வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். பழைய வாசனை பெரும்பாலும் கண்ணாடியில் இருக்காது, மூடியின் உட்பக்கத்து ரப்பர் பூச்சில்தான் தங்கும். கழுவிக் காயவைத்து மோந்து பாருங்கள். இன்னும் வாசம் அடித்தால் அந்தப் புட்டியில் மிளகையோ பட்டையையோ போட்டுவிடுங்கள், சர்க்கரையை மட்டும் வேண்டாம்.